மாத்திரை போட்டும் எச்.ஐ.வி. போகாதது ஏன்? நிணநீர்க் கணு பற்றி ஒரு வாக்குவாதம்

லாரிப்பட்டறை (நாமக்கல்): நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ரிப்போர்ட்டில் "கிருமி இல்லை" என்று வந்துவிடும், அப்புறம் உடம்பில் ஒன்றுமே இல்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். கேட்டதிலிருந்து எரிச்சல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேர்வதில்லை, அங்கே கிருமி பெருகிக்கொண்டேதான் இருக்கிறது. 2016இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. மறுக்க ஆள் இருந்தால் வாங்க.

நொய்யல்: நான் வருகிறேன். நிறுத்தக்கூடாது என்பது சரி. "பெருகிக்கொண்டேதான் இருக்கிறது" என்பது தப்பு. வைரஸ் சிடி4 என்கிற வெள்ளையணுவின் மரபணுவுக்குள்ளேயே தன்னை எழுதிவைத்துக்கொண்டு தூங்குகிறது. மருந்து தடுப்பது வைரஸ் புதிதாகப் பிரதி எடுப்பதை. தூங்குகிறவனிடம் தடுக்க எதுவும் இல்லை. ஒளிவது என்றால் இதுதான், மருந்து போகாத மூலை அல்ல.

காங்கயம் காளை: நொய்யல் அண்ணா வந்தாச்சு. இனி மற்றவங்க வாயைத் திறக்க வேண்டியதில்லை, மஞ்சள் விலை இழையில் பார்த்தோமே.

நொய்யல்: மஞ்சளை இங்கே இழுக்காதீங்க. அங்கேயும் நான் சொன்னதுதான் நடந்தது.

லாரிப்பட்டறை: மூலை இல்லையா? 2014இல் அமெரிக்காவில் நோயாளிகளின் கணுவிலிருந்தே திசு எடுத்து அளந்தார்கள், ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே மருந்து குறைவு. மருந்து குறைவான இடத்தில் கிருமி சும்மா இருக்குமா? ஒரே வரியில் சொல்லுங்க.

நொய்யல்: ஒரே வரி: வருடக்கணக்கில் அரைகுறை மருந்தில் வைரஸ் பெருகியிருந்தால் மருந்துக்கு மசியாத வகை உருவாகி வெளியே வந்திருக்கும், ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களிடம் அது பொதுவாக வருவதில்லை. உங்கள் 2016 ஆய்வில் இருந்தது 3 பேர், பார்த்தது சிகிச்சையின் முதல் 6 மாதம். அந்தக் காலத்தில் பழைய அணுக்கள் வேகமாகச் சாகும், மீதி இருப்பதைப் பார்த்தால் வைரஸ் மாறிக்கொண்டே, அதாவது பெருகிக்கொண்டே, வருகிற மாதிரி தோன்றும். இதைச் சொல்லி மற்ற ஆய்வாளர்கள் அப்போதே மறுத்துவிட்டார்கள்.

லாரிப்பட்டறை: 3 பேர் என்றால் மனுசங்க இல்லையா?

சிறுவாணி: இரண்டு பேரும் "பெருகுவது" என்று எதைச் சொல்கிறீங்க? வைரஸ் புது அணுவுக்குள் புகுவதையா, வைரஸ் உள்ளே இருக்கிற அணு தானே இரண்டாகப் பிரிவதையா? இரண்டும் வேறு. அதை முதலில்...

லாரிப்பட்டறை: பெருகுதுன்னா பெருகுது. கணுவில் பெருகுதா இல்லையா?

நொய்யல்: இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். ஊதா மூடி டியூபில் ரத்தம் வரும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அணுக்கள் சிவப்பாக அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். வைரல் லோடு என்று எண்ணுவது அந்த மேல்பகுதியில் மிதக்கிற வைரஸை மட்டும். ஒளிந்திருப்பது அடியில் கிடக்கிற அணுவுக்குள், அதைவிட அதிகமாகக் குடல் சுவரிலும் கணுவிலும் மண்ணீரலிலும். மூளையில்கூட மைக்ரோக்லியா என்ற அணுக்களில் இருக்கிறது. அந்தக் குரல் பதிவுக்காரர் மேல்பகுதியைப் பார்த்துவிட்டு முழு உடம்புக்கும் சான்றிதழ் கொடுக்கிறார். கோரைக்கு மருந்தடித்தால் மேலே தாள் கருகும், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். அவ்வளவுதான்.

காங்கயம் காளை: கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே பெருகும்ங்க. காடு ஓட்டியவனிடம் கதை விடாதீங்க. உங்க உதாரணமே லாரிப்பட்டறை பக்கம்தான் பேசுகிறது.

நொய்யல்: அணு பிரிந்து பெருகுகிறது, அதை 2014லேயே காட்டிவிட்டார்கள். மரபணுவில் ஒரே இடத்தில் வைரஸ் எழுதப்பட்ட அணுவின் நகல்கள் நிறைய. வைரஸ் பெருகவில்லை.

லாரிப்பட்டறை: ஆக, பெருகுது!

சிறுவாணி: நான் கேட்டது இதைத்தானே.

நொய்யல்: அணு!

காங்கயம் காளை: எங்க மாமா ஒருத்தர் மூலிகை கொடுத்து இதைச் சுத்தமாக எடுத்துவிடுவார். நீங்க நேச்சர், கோரை என்று சண்டை போடுங்க.

பெருந்துறைக்காரி: காளை தம்பி, அந்தப் பேச்சை நிறுத்துங்க. நான் இந்த மாத்திரையைப் போடுகிறவள். 30 மாத்திரை பாட்டிலை வீட்டுக்கு வரும் வழியிலேயே பிரித்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிக்கொண்டு, லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறேன், மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று. உங்க மாமா மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவங்களை எனக்குத் தெரியும். சில வாரத்திலேயே கிருமி மேலே வந்துவிட்டது.

நொய்யல்: அக்கா சொல்வது சரி. நிறுத்தி நிறுத்திப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்த பெரிய ஆய்வை 2006இல் பாதியிலேயே மூடினார்கள், நிறுத்தியவர்களிடம் சாவும் நோயும் கூடிவிட்டது. அமெரிக்காவில் எச்.ஐ.வி.யோடு பிறந்த மிசிசிப்பி குழந்தைக்கு மருந்து நின்ற பிறகு 27 மாதம் ஒன்றும் தெரியவில்லை, 2014இல் திரும்பி வந்துவிட்டது. அத்தனை நாள் தூங்கிய வைரஸ். பெருகியிருந்தால் 27 மாதம் காத்திருக்குமா? கணுவில் பெருகவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

லாரிப்பட்டறை: அந்தக் குழந்தைக்கு அப்போது மருந்தே இல்லை. மருந்து போட்டிருக்கிறவன் கணுவைப் பற்றி நான் கேட்கிறேன். நீங்க சாமர்த்தியமாக நழுவுகிறீங்க, எப்பவும் போல.

நொய்யல்: நழுவுவது யார்? லாரிக்காரங்களிடமிருந்துதான் இந்த நோய் நம்ம பக்கம் பரவியது என்று போன வருடம் எழுதியது நீங்களா நானா?

லாரிப்பட்டறை: நான் எழுதியது லாரி ஓட்டுநர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று. திரிக்காதீங்க. பழி முழுக்க நாமக்கல் மேல், கோயம்புத்தூர்காரங்க மட்டும் சுத்தம். எங்க அப்பா முப்பது வருசம் ஸ்டீயரிங் பிடித்தவர், அவரைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காங்கயம் காளை: கோயம்புத்தூர்காரங்க எப்பவும் அப்படித்தான்.

சிறுவாணி: நானும் கோயம்புத்தூர்தான், ஊரை விடுங்க. மாத்திரையை விடாமல் போட்டு வைரல் லோடு அடங்கியிருக்கிறவரிடமிருந்து உடலுறவில் அடுத்தவருக்குப் பரவுவதில்லை. ஒளிந்திருக்கிறது என்பதைப் படித்துவிட்டு யாரும் அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

பெருந்துறைக்காரி: இதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும். எனக்குக் கணுவில் தூங்கினால் என்ன, பெருகினால் என்ன? முழுசாகப் போக எத்தனை வருடம் ஆகும், அதைச் சொல்லுங்க.

நொய்யல்: அந்தத் தூங்கும் அணுக்கள் பாதியாகக் குறையவே 44 மாதம். அந்தக் கணக்குப்படி மருந்தால் மட்டும் ஒழிய 73 வருடம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால்தான் ஆயுள் முழுக்கப் போடச் சொல்கிறார்கள்.

லாரிப்பட்டறை: இவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்றால் உள்ளே எதுவோ நிரப்பிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னது அதுதான்.

நொய்யல்: அணு பிரிந்து நிரப்புகிறது என்று மேலே எழுதியாச்சு. போய்ப் படிங்க.

லாரிப்பட்டறை: படித்தேன். 2014 மருந்து அளவுக்குப் பதில் வரவில்லை. கணுவில் மருந்து குறைவா இல்லையா?

நொய்யல்: குறைவு. அதனால் பெருகுகிறது என்று ஆகாது.

லாரிப்பட்டறை: ஆகும்.