ஔராட்டஸ் ஆண் மீன் மத்த சிக்லிட் மீன்களை விடாம துரத்துது, என்ன செய்யலாம்?

வணக்கம். தொட்டி 4 அடி நீளம், சுமார் 240 லிட்டர். ஔராட்டஸ் ஒரு ஆண், ரெண்டு பெண், கூட யெல்லோ லேப் 6. எல்லாமே ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி சிக்லிட் வகை. மஞ்சளா இருந்த ஆண் போன மாசம் நிறம் மாறி கருத்துச்சு, அதுல இருந்துதான் இந்த அட்டகாசம்.

இடது மூலைப் பாறைக்குக் கீழ மணலைத் தோண்டிக் குழி பறிச்சு வச்சிருக்கு. கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்குது. பெண்களையும் விடறதில்ல. ஒரு யெல்லோ லேபுக்கு வால் துடுப்பு பாதி கிழிஞ்சுபோச்சு. ஹீட்டருக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு, தீனி போட்டாலும் வெளிய வரல. பார்க்கவே மனசு கேக்கல. இப்போ அதைத் தடுப்புக்குள்ள வச்சிருக்கேன்.

பாறைகளை மொத்தமா கலைச்சு வேற மாதிரி அடுக்கினேன். பொந்துகளை அதிகமாக்கினேன். ஆணைக் கொஞ்ச நாள் தனித் தொட்டியில போட்டுத் திரும்ப விட்டேன், வந்ததும் பழைய மூலையையே பிடிச்சுக்கிச்சு. தண்ணியில குறை இல்ல: அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8, வெப்பம் 26 டிகிரி.

இந்த அளவு தொட்டியில பெண்களை இன்னும் சேர்த்தா அடிதடி குறையுமா, இல்ல அந்த ஆணை நிரந்தரமா எடுத்துடறதுதான் வழியா?