தொப்பூர்ல ஓட்டின கை, பிரிட்டன் பனியில

இங்கிலாந்துல லெஸ்டர் ஊருக்குப் புதுசா வந்திருக்கிற பாலக்கோட்டுத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, தொப்பூர் கணவாய்லயே மழையில இறங்கியிருக்கேன். இங்க என்ன பெருசா இருந்துடப் போகுது?" வந்த புதுசுல நானும் இப்படித்தான் பேசினேன். இப்ப லீவுல தர்மபுரியில இருக்கேன். நேத்து ராத்திரி அதே கணவாயில நல்ல மழை.

முன்னாடி போன கார் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டே இறங்குச்சு. எந்தப் பக்கம் ஒதுங்குவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிரிட்டன்ல மழைக்காக இதைப் போட்டு ஓட்டாதீங்க. மோட்டார்வே மாதிரி வேகச் சாலையில, முன்னாடி ஆபத்துன்னு பின்னாடி வர்றவங்களுக்குக் காட்ட மட்டும் கொஞ்ச நேரம் போடலாம். பார்வை 100 மீட்டருக்குள்ள சுருங்கினா ஃபாக் லைட் போடுங்க, தெளிஞ்சதும் அணைச்சுடணும்.

லைட் அடிக்கிறதும் அப்படித்தான். நம்ம ஹைவேயில அதுக்கு "நான் வரேன், நில்லு"ன்னு அர்த்தம். அங்க நிறைய பேர் "நீங்க போங்க"ன்னு அடிப்பாங்க. முதல் மாசம் குறுகலான தெருவுல எதிர்க்கார் லைட் அடிச்சதும் நான் நின்னுட்டேன், அவரும் நிக்கிறார். ரெண்டு பேரும் முழிச்சோம்.

மூடுபனியில கண்ணை நம்பாதீங்க. 1998-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல, சிமுலேட்டர்ல (நிஜ ரோட்டுக்குப் பதில் திரையைப் பார்த்து ஓட்டுற கருவி) காட்சி முழுக்க ஒரே மாதிரி மங்க மங்க, மெதுவாப் போறோம்னு நினைச்சு ஆளுங்க இன்னும் மிதிச்சாங்க. 2012-ல வேறொரு குழு நிஜ மூடுபனி மாதிரி கிட்டத்துல தெளிவாவும் தூரத்துல மங்கலாவும் காட்டினப்ப, தலைகீழா வேகத்தைக் குறைச்சாங்க. என் கணக்குல, வண்டி முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடிச்சா முதல் ஆய்வு மாதிரிதான். கிட்டம், தூரம் எல்லாமே ஒண்ணா மங்கும். அதனால ஏசியைப் போட்டுக் கண்ணாடியைத் தெளிய வெச்சுட்டுக் கிளம்புங்க, ஸ்பீடாமீட்டர்ல ஒரு கண் இருக்கட்டும். காலையில கண்ணாடியில உறைஞ்சிருந்தா சுரண்டுங்க. சுடுதண்ணி ஊத்தினா விரிசல் விடும்.

முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி, காய்ஞ்ச ரோட்டுல 2 செகண்ட், ஈரத்துல 4. பனிக்கட்டின்னா காய்ஞ்ச ரோட்டு இடைவெளியைப் போல 10 மடங்கு வரைக்கும் வேணும். பாலத்து மேலதான் முதல்ல உறையும், கண்ணுக்கே தெரியாது.

தொப்பூர்ல கத்துக்கிட்டதுல ஒண்ணு மட்டும் அங்கயும் செல்லும். அப்பா லாரி ஓட்டினவர், "ஏறின கியர்லயே இறங்குடா"ம்பார். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்ட வண்டிங்க கணவாயில என்ன ஆச்சுன்னு நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பனி இறக்கத்துலயும் சின்ன கியர்தான், பிரேக்கை மெல்லத் தொடணும்.

லைசென்ஸ் கேட்டவங்களுக்கு: குடியேறின நாள்ல இருந்து 12 மாசம் நம்ம லைசென்ஸ்லயே ஓட்டலாம். அதுக்கப்புறம் அங்கத்து லைசென்ஸ் வேணும். அதுக்கான டெஸ்ட் தேதி சீக்கிரம் கிடைக்காது, இப்பவே அப்ளை பண்ணுங்க.