சேற்றலின், புளுவொக்சற்றின், அமிற்றிப்ரிலின்: மனச்சோர்வுக்கு எது திறம்?

நல்லூர்க்கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. மனச்சோர்வும் பதகளிப்பும். கிளினிக்கில சேற்றலின் 50 மி.கி. தொடங்கி ஐஞ்சு நாள். ஓங்காளம், படபடப்பு கூடிப்போச்சு. பிரசருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட், முழங்கால் நோவுக்கு இடைக்கிடை டைக்ளோபெனாக் போடுறா. பக்கத்து வீட்டு அன்ரி அமிற்றிப்ரிலின் 10 தான் திறம் எண்டுறா. சேற்றலினை நிப்பாட்டலாமோ?

குளிசைக்கொப்பி:
நீங்களா நிப்பாட்டாதேங்கோ, கிளினிக்கோட கதையுங்கோ. பக்கவிளைவு முதல் கிழமையே வரும். குணம் தெரிய 2–4 கிழமை பிடிக்கும். கனபேர் விடுறது இந்த இடைவெளியிலதான். சாப்பாட்டோட குடுத்தால் ஓங்காளம் குறையும். பதகளிப்பு உள்ளவைக்கு 25இல தொடங்கி ஒரு கிழமையால 50 ஆக்கிறதும் உண்டு, அதைக் கேட்டுப்பாருங்கோ. இருப்புக்கொள்ளாத தவிப்போ சாகிற எண்ணமோ வந்தால் கிளினிக் திகதி பாக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி, மனநல உதவி இலக்கம் 1926க்கும் எடுக்கலாம்.

அன்ரியின்ர 10 மி.கி. அநேகமா நரம்பு நோவுக்கோ தலையிடிக்கோ குடுத்ததா இருக்கும். மனச்சோர்வுக்கு அந்த அளவு காணாது. அளவைக் கூட்டினால் வாய் வறட்சி, மலச்சிக்கல், இரவில எழும்பேக்க தலைச்சுற்றி விழுறது. அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் இதயத்துடிப்பையே குழப்பும். தற்கொலை எண்ணம் உள்ள ஆளிட்ட ஒரு மாசக் குளிசையை மொத்தமாக் குடுக்கத் தயங்கிறது அதாலதான்.

வடமராட்சி:
புளுவொக்சற்றின் காலமை 20 மி.கி.; பின்னேரம் போட்டால் நித்திரை குழம்பும். உடம்பில கிழமைக்கணக்கா நிக்கும், ஒருநாள் தவறினாலும் பெரிசாத் தெரியாது. சேற்றலின் உடம்பில ஒரு நாளிலயே பாதியாகிடும், அதுக்கு வயிற்றோட்டமும் கூடுதலா வரும். மற்ற மனச்சோர்வுக் குளிசைகளில பரொக்சற்றின், வென்லாபக்சின் திடீரெண்டு விட்டால் தலைக்குள்ள கறண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். வென்லாபக்சின் பிரசரையும் ஏத்தும், உங்கட அம்மாவுக்கு முதல் தெரிவா வராது. மிற்றாசபின் நித்திரையும் பசியும் தரும், நிறையும் கூடும்.

குளிசைக்கொப்பி:
டைக்ளோபெனாக்கைத்தான் நான் முதல் பாப்பன். இரத்தம் உறைய உதவுற குருதிச் சிறுதட்டுகளில செரட்டோனினைச் சேற்றலின் குறைக்கும், டைக்ளோபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும். ரெண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் பொறுக்காதேங்கோ. நோவுக்குப் பரசிற்றமோல் காணுமோ எண்டு கேளுங்கோ. டிரமடோல் எண்ட நோவுக் குளிசையை எழுத வந்தால் சேற்றலின் போடுறதைக் கட்டாயம் சொல்லுங்கோ. பிரசர்க் குளிசையோட சேற்றலின் சேர்ந்து இரத்தத்தில உப்பும் (சோடியம்) இறங்கலாம்: குழப்பம், தள்ளாட்டம் தெரிஞ்சால் சோடியம் பாக்கவேணும்.

நல்லூர்க்கேள்வி:
நன்றி. குணமானால் எவ்வளவு நாளைக்கு?

வடமராட்சி:
குணமான நாளில இருந்து குறைஞ்சது 6 மாசம். பிறகும் டொக்டர் சொல்ல, கிழமைக்கணக்கில படிப்படியாத்தான் குறைக்கிறது. கிளினிக் திகதிக்கு மூண்டு நாள் மேலதிகமா குளிசை கையில இருக்கட்டும்.