பூஸ்ட் ஏத்தின போலோ: நிஜமா எத்தனை பிஎஸ் கூடியிருக்குன்னு எப்படி அளக்கறது?

திருப்பூர் போலோ:
வணக்கமுங்க. வண்டி 2020 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி கணக்கு 110 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். போன மாசம் ஒரு கடையில ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவோட செட்டிங் ஃபைல மாத்தறது) போட்டேன். டர்போ இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கற அழுத்தம், அதான் பூஸ்ட், 14 பிஎஸ்ஐ இருந்தது 17 ஆச்சு. "இப்ப 140 பிஎஸ்"னு ஒரு டைனோ (சக்கரத்த உருளை மேல சுத்தவிட்டு பவர் அளக்கற மெஷின்) ஷீட்டும் குடுத்தாங்க. ஆனா ரீமேப்புக்கு முன்னாடி வண்டிய டைனோவுல ஏத்தவே இல்ல. கேட்டா, "எல்லா போலோவும் 110 தான, அதுக்கு எதுக்குத் தனியா ஓட்டணும்?"ங்கறாங்க.

வண்டி மாறியிருக்கறது நிஜம். பல்லடம் ரோட்டுல லாரியத் தாண்டும்போது மூணாவது கியர்லயே இழுத்துட்டுப் போகுது. காலைல இருக்கற அந்த இழுவை மத்தியானம் இருக்கறதில்ல. சேர்த்து வெச்ச காசுல போட்டது, எவ்வளவு கூடியிருக்குன்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சாகணும். பழைய ஃபைலுக்கு மாத்தற கருவி கையில இருக்கு, பத்து நிமிஷ வேலை. எப்படி அளக்கறதுங்க?

சூலூர் கதிர்:
தம்பி, பழைய ஃபைலுக்குத் திரும்ப முடியும்னா வேலை பாதி முடிஞ்சுது. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, அந்த வித்தியாசம்தான் நமக்கு வேணும். 140ங்கற ஒத்தை நம்பர வெச்சு எதையும் சொல்ல முடியாது.

மொதல்ல ஒரு கணக்கு. 14லிருந்து 17ன்னா 21 சதவீதம் ஏறின மாதிரி தெரியும். ஆனா இன்ஜின் குடிக்கறது மொத்த அழுத்தத்த. நம்ம பக்கம் காத்தோட அழுத்தமே சுமார் 14 பிஎஸ்ஐ. அதச் சேர்த்தா 28லிருந்து 31, அதாவது 11 சதவீதத்துக்குள்ள. இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் எப்ப அடிக்கணுங்கறது), மேல் ஆர்பிஎம்ல பூஸ்ட்ட எவ்வளவு நேரம் பிடிச்சு வெக்குது, இதனால கொஞ்சம் கூடலாம். சூடு ஏறினா குறையும். 110க்கு மேல 30 வந்திருக்குன்னா அது 27 சதவீதம். எனக்கு நம்பிக்கை இல்ல.

டைனோ இல்லாமலே அளக்கலாம். டேங்க் ஃபுல் பண்ணி, நீங்களும் உக்காந்து, எடைமேடையில வண்டிய நிறுத்தி எடை எடுங்க. செகண்டுக்கு 10 தடவையாவது பதியற ஜிபிஎஸ் லாகர் ஒண்ணு வேணும். ஃபோன் ஜிபிஎஸ் பத்தாது, ஸ்பீடோமீட்டர நம்பவே வேண்டாம். விடியக்காலைல, மட்டமான நான்குவழி ரோட்டுல மூணாவது கியர்ல 60லிருந்து 100 வரைக்கும் முழு ஆக்சிலேட்டர். 100ஐத் தாண்ட வேண்டியதே இல்ல, அதுக்குத்தான் இந்த வேகத்த சொல்றேன். போற திசைல ஒரு தடவை, வர்ற திசைல ஒரு தடவை. ரெண்டோட சராசரிய எடுத்தா காத்தும் ஏத்த இறக்கமும் அடிபட்டுப் போகும். அப்புறம் 100ல நியூட்ரல் போட்டு, 60க்கு இறங்க எத்தனை செகண்டுன்னு அதையும் எடுங்க. காத்தும் டயரும் தின்னுற பவர் அதுல வந்துரும்.

பழைய ஃபைல், புது ஃபைல், மறுபடி பழைய ஃபைல், இந்த வரிசைல ஓட்டுங்க. கடைசியா பழையது மொதல் எண்ணுக்கே திரும்பலைன்னா அன்னைக்கு எடுத்தது எதையும் கணக்குல சேர்க்காதீங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இன்டேக், அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூட்டையும் குறிச்சுக்கங்க.

டைனோ மேடை:
நான் டைனோ ஓட்டற ஆளுங்க. அந்த ஷீட்ல ரெண்டு விஷயம் பாருங்க. வீல்ல அளந்த நம்பரா, இல்ல "கியர்பாக்ஸ் இழப்பு"ன்னு ஒரு சதவீதம் ஏத்திப் போட்டதா? அந்த சதவீதம் ஆபரேட்டர் கையில இருக்கு. அடுத்தது, வெயிலுக்கும் காத்தழுத்தத்துக்கும் போடற திருத்தம். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது சரி. டர்போ வண்டில காத்து குறைஞ்சா ஈசியூவே டர்போவ இன்னும் சுத்த விட்டு ஈடு கட்டிரும். அதுக்கு மேல திருத்தமும் போட்டா இல்லாத பவர் பேப்பர்ல வரும். திருத்தம் போடாத ஷீட்ட கேட்டு வாங்குங்க.

திருப்பூர் போலோ:
ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்குப் போய் எடுத்துட்டேங்க. எடை 1,150 கிலோ. பழைய ஃபைல்ல 60–100 சராசரி 5.6 செகண்ட். புதுசுல மொத ரெண்டு ஓட்டம் 4.9. நியூட்ரல்ல இறங்க 40 செகண்ட். ஆனா நிறுத்தாம தொடர்ந்து ஓட்டினேன், ஆறாவது ஓட்டத்துல 5.2 ஆயிருச்சு. இன்டேக் சூடு 38லிருந்து 55 டிகிரி. கடைசியா பழைய ஃபைல் மறுபடி 5.6.

சூலூர் கதிர்:
அருமையா எடுத்திருக்கீங்க தம்பி. 1,150 கிலோவ 60லிருந்து 100க்குக் கொண்டுபோக சுமார் 2,84,000 ஜூல் வேணும். 5.6ஆல வகுத்தா 50.7 கிலோவாட். அதே ஜூல நியூட்ரல்ல இறங்கின 40ஆல வகுத்தா 7.1 கிலோவாட். கூட்டினா 57.8, அதாவது வீல்ல சராசரி 78.6 பிஎஸ். புது ஃபைல்ல 65 கிலோவாட், 88.4 பிஎஸ். பத்து பிஎஸ் கூடியிருக்கு, 12 சதவீதம் சொச்சம். இது அந்த வேகத்துக்கான சராசரிதான், உச்ச பவர் இல்ல. இருந்தாலும் அதே சதவீதத்த இன்ஜினுக்குப் போட்டா 110 வந்து 124 பக்கம் நிக்கும்.

5.2 செகண்டுக்குப் போட்டா 84 பிஎஸ் கூட இல்ல. ஏறின பத்துல பாதி சூட்டுல போச்சு. உங்க மத்தியான சந்தேகத்துக்கு இதுதான் பதில். இந்த இன்ஜின்ல டர்போ காத்த ஆத்தற இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கு, தண்ணியால குளிர்றது. அந்தத் தண்ணி சூடாயிட்டா ஆற நேரம் பிடிக்கும். சூடான காத்துக்கு நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு தானா வெடிக்கறது) வரும், அதத் தடுக்க ஈசியூ டைமிங்க பின்னாடி இழுக்கும், பவர் குறையும். என்ன பெட்ரோல் போடறீங்க? ஈசியூ பதிவுல (லாக்) ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி இழுக்குதுன்னு பாருங்க.

திருப்பூர் போலோ:
91 ஆக்டேன் (நாக்கிங்க தாங்கற அளவு) பெட்ரோல் தாங்க. மூணாவது சிலிண்டர்ல 5 டிகிரி வரைக்கும் இழுத்திருக்கு. கடைக்காரர்கிட்ட லாகையும் கணக்கையும் வெச்சுப் பேசினேன். பொறுமையாப் பார்த்துட்டு பூஸ்ட்ட 16க்கு இறக்கிக் குடுத்தாரு. 95 ஆக்டேன் போட்டு இந்த ஞாயிறு எட்டு தடவை ஓட்டினேன். மொத ஓட்டம் 5.0, எட்டாவதும் 5.0. டைமிங் 1 டிகிரிக்கு மேல எதுலயும் இழுக்கல. இப்படியே வெச்சுக்கறேங்க.