புல்வெளிக்காரருக்குக் கருவாடு சமைக்கத் தெரியாதா?

ரெஜினா_செல்வம்:
"1930களில் நிவாரணமாக வந்த கருவாட்டைச் சமைக்கத் தெரியாமல் கூரை ஓட்டையை மூட ஆணி அடித்த மடையர்கள் கனடாவின் புல்வெளி விவசாயிகள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இருபது வருஷமாக அந்தப் புல்வெளி மாகாணங்களில் ஒன்றான சாஸ்கட்சுவானில் இருக்கிறவன் நான். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கனடாவின் கிழக்கு மாகாணங்களில் இருந்த சனங்கள் ரயில் பெட்டி பெட்டியாக ஆப்பிள், பீன்ஸ், சீஸ், உப்பில் உலர்த்திய காட் மீன் எல்லாம் அனுப்பினார்கள். கடலையே பார்க்காத குடும்பங்கள். பலகை மாதிரி விறைத்த மீனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

தூத்துக்குடியான்:
எழுதியது நான்தான். மாற்ற மாட்டேன். ராத்திரி ஊறப்போட்டு, காலையில தண்ணியை மாத்தினா உப்பு இறங்கிரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எங்க ஆச்சிக்குத் தெரியும் இது.

ரெஜினா_செல்வம்:
தண்ணி எங்கே இருந்தது? மழை பொய்த்து, கிணறு வற்றி, வயல் மண்ணே கிளம்பிப் பறந்த காலம். சாப்பாட்டுத் தட்டை மேசையில் கவிழ்த்து வைப்பார்கள், பரிமாறும்போதுதான் நிமிர்த்துவது. சன்னல் இடுக்கில் ஈரத்துணி திணிப்பார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி, இப்போது இல்லை, அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தவர். அம்மா துடைத்து முடித்த மேசையில் கொஞ்ச நேரத்திலேயே விரலால் பெயர் எழுதலாம் என்பார். அவர் வீட்டில் அந்த மீனை ஊறவைத்துத்தான் தின்றார்கள்.

தூத்துக்குடியான்:
அப்போ தண்ணி இருந்திருக்கு! மேசை மண்ணை யார் கேட்டா? மத்தவங்க ஊறப்போட்டாங்களா, இல்லையா?

வன்னி_மைந்தன்:
தம்பிமார், அது கருவாடே இல்லை. எங்கட கருவாடு வேற, கொட் மீன் வேற. அது கிழக்குக் கரையில இருக்கிற நியூஃபவுண்ட்லாந்துத் தீவின்ர சாமான். கனடாவில ஒரு மூலையால இன்னொரு மூலைக்குப் போனது.

ரெஜினா_செல்வம்:
அண்ணே, நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்ததே 1949இல். 1930களில் அது எப்படிக் கனடாவின் மூலை ஆகும்?

வன்னி_மைந்தன்:
ரொறன்ரோவில இருக்கிறவைக்குச் சரித்திரம் தெரியாதெண்டு போன வருசமும் நீர் சொன்னனீர். நான் மறக்கேல்லை.

தூத்துக்குடியான்:
இன்னொண்ணு. அந்த விவசாயிங்க கார் வச்சிருந்தாங்களாமே! கார் வச்சிருந்தவனுக்கு எதுக்கு நிவாரணம்?

ரெஜினா_செல்வம்:
கார் இருந்தது, பெட்ரோலுக்குக் காசில்லை. 1932இல் கோதுமை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 40 சென்ட்கூடத் தேறவில்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள். அன்றைய பிரதமர் ஆர்.பி. பென்னட் மேல் இருந்த ஆத்திரத்தில் அதற்கு 'பென்னட் வண்டி' என்றே பெயர் வைத்தார்கள். தீவனம் இல்லாமல் ரஷ்ய முட்செடியை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். இவ்வளவையும் தாங்கி நின்றவர்களையா மடையர் என்கிறீர்கள்? அந்த வார்த்தையை எடுங்கள்.

தூத்துக்குடியான்:
முட்செடி, குதிரை எல்லாம் வந்தாச்சு. நான் கேட்டதுக்குப் பதில் வரல. ஊறப்போட்டாங்களா?

ரெஜினா_செல்வம்:
ஒரு வீட்டில் தின்றார்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன். வார்த்தையை எடுங்கள்.

வன்னி_மைந்தன்:
முதல்ல அது கருவாடு இல்லையெண்டு ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கோ.