குடத்தின் ஓசை

‘ஆச்சி வீடு’ குடும்பக் குழு

வெள்ளிக்கிழமை

பாளையங்கோட்டை மைனி, மாலை 6.07
அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக நாம் காத்திருந்த நம் பாடகியின் வில்லுப்பாட்டுக் காணொளி சரியாக ஆறு மணிக்கு யூடியூபில் வெளியாகிவிட்டது. இணைப்பை அனுப்பியிருக்கிறேன். நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். மனம் இன்னும் அமைதிக்கு வரவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்த பிறகு பேசுவோம்.

கல்லிடை சித்தி, மாலை 6.16
பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்த முத்துப்பட்டன் கதையையா இந்தப் பிள்ளை எடுத்திருக்கிறாள்! கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட கதை ஐந்து நிமிடத்திற்குள் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. பிசான நெல் அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில், வரப்பின்மேல் அந்த வில்லை வைத்திருக்கும் முதல் காட்சியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான், மாலை 6.34
நானும் ஆச்சியும் முற்றத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தோம். ஆச்சி கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், “ஏட்டி, வில்லு தெரியுது, மணி கேக்குது, குடத்த எங்க?” என்று கேட்டார்கள். நான் மறுபடியும் போட்டுக் காட்டினேன். குடம் அடிப்பவரின் கைகள் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் ஆச்சி சொல்வது போல அதன் ஓசை மட்டும் எங்கள் காதுக்கு வரவே இல்லை. இசையமைத்தவர்கள் வேண்டுமென்றே குறைத்துவிட்டார்களா என்று தெரியாமல் எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

அம்பை மாமா, மாலை 6.52
நான் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிள்ளையின் குரலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேல் சுருதிக்குப் போகும்போதும் சொல் சிதையாமல் நிற்கிறது. ஆனால் வில்லுப்பாட்டு என்று பெயர் சொல்லிவிட்டுக் கடவுளை வேண்டும் காப்பு இல்லாமல், குருவை வணங்காமல், அவையடக்கம் சொல்லாமல், நாட்டு வளமும் பாடாமல் நேராகக் கதைக்குள் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வலத்திலும் இடத்திலும் ஆள் அமர்ந்து, பாடுகிறவர் ஒரு அடி சொன்னால் அதை வாங்கிப் பாடி, “ஆமா” என்று போட்டு, கேட்கும் கூட்டத்தையும் கதைக்குள் இழுத்துக்கொண்டு போவதுதான் அந்தக் கலையின் உயிர். இந்தக் காணொளியில் அந்த “ஆமா” இரண்டே இடத்தில்தான் வருகிறது. கதையைச் சுருக்கலாம், மருமகளே; முறையைச் சுருக்கினால் எஞ்சி நிற்பது வில்லின் படம் மட்டும்தான்.

பாளையங்கோட்டை மைனி, மாலை 6.58
அம்பை மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு “ஆமா”வும் எந்த இடத்தில் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். பட்டன் பூணூலைக் கழற்றி வைக்கும் இடத்தில் ஒன்று. அவன் தோலை எடுத்துச் செருப்புத் தைக்க உட்காரும் இடத்தில் மற்றொன்று. வேறெங்கும் வராமல் அந்த இரண்டு இடங்களில் மட்டும் ஊரே ஒப்புக்கொள்வது போல அது ஒலிக்கும்போது எனக்கு மெய் சிலிர்த்தது.

பெரியப்பா, இரவு 7.25
அம்பை மாப்பிள்ளை எழுதியதைப் படித்தேன். அவர் கேட்கும் முறை கொடைக்கு உரிய முறை. அங்கே கதை சாமிக்காகப் பாடப்படுகிறது, சாமியாடும் கோமரத்தாடியின் மேல் சாமி இறங்கும் நேரத்தைக் கணக்கில் வைத்துப் பாட்டு நீளும், குறையும். கோயிலை விட்டு வெளியே வந்த நாள் முதல் வில்லிசை தன் அளவை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதை நகரத்து மேடைக்குக் கொண்டு சென்றபோது கொடையின் நேரம் அங்கே இல்லை. அவரோடு சேர்ந்து பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் நம் மாவட்டத்துச் சத்திரபுதுக்குளத்தில் பிறந்தவர். தெய்வக் கதை மட்டுமல்லாமல் காந்தியின் கதையையும் அவர் வில்லில் பாடினார். வானொலிக்கு ஏற்றபடி நேரத்தைச் சுருக்கியும் பாடினார். அதற்காக அவரை யாரும் முறை தவறியவர் என்று சொல்லவில்லை. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நம் குழுவில் நாம் அனைவரும் மகிழ்ந்தோம். 2022 அக்டோபரில் அவர் மறைந்த அன்று மாப்பிள்ளைதான் முதலில் செய்தி போட்டார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இந்தப் பிள்ளை பாடியிருப்பது முழுக் கதை அல்ல. திருமண இரவில், மாடுகளைக் கள்வர் ஓட்டிச் சென்றார்கள் என்று கேட்டு எழுந்து போன கணவனுக்காகப் பொம்மக்காவும் திம்மக்காவும் காத்திருக்கும் ஒரே ஓர் இரவை மட்டும் எடுத்துக்கொண்டு, பூணூலையும் செருப்பையும் அவர்கள் வாயாலேயே நினைவுகூர வைத்திருக்கிறாள். எடுத்துக்கொண்ட அளவுக்கு அவள் நேர்மையாக இருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னைத் தம்பி, இரவு 8.05
அக்கா, ஆச்சியின் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். ஒலிப்பதிவுதான் என் அன்றாட வேலை. குடத்தின் ஓசையை யாரும் குறைக்கவில்லை. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று மொத்தமாக அதிர்கிறது. வயிறு பெரிதாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் ஓசை இன்னும் தாழ்ந்த சுருதியில் பிறக்கும். அவ்வளவு தாழ்ந்த ஓசையை எழுப்ப ஒலிபெருக்கி நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைப்பேசியில் இருக்கும் விரல் நகம் அளவு ஒலிபெருக்கியால் அது முடியாது. மணியும், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலும் உயர்ந்த சுருதி என்பதால் அவை தப்பி வருகின்றன. நான் இங்கே பெரிய ஒலிபெருக்கியில் கேட்டேன். குடம்தான் இந்தப் பாட்டின் நடையையே தாங்கிக்கொண்டு போகிறது. தயவுசெய்து ஆச்சிக்குக் காதில் வைக்கும் ஹெட்போனைப் போட்டு மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.

நான், இரவு 8.48
தம்பி, இதை எழுதும்போது என் கண்ணில் நீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போனை வாங்கி வந்தேன். ஆச்சி முதலில் வேண்டாம் என்றார்கள்; பாம்படம் போட்டு வளர்ந்த காதில் அது சரியாக உட்காரவும் இல்லை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தொடக்கத்தில் வீசுகோல் நாணைத் தட்டும் வரை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குடம் விழுந்த நொடியில் ஆச்சியின் வலது கை தானாக எழுந்து தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. பாதிப் பாட்டில் உடுக்கை சேர்கிறதல்லவா, அதன் கயிற்றை இறுக்கும்போது ஓசை விம்மி மேலே ஏறும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்ற விடவில்லை. “இவன் இடது கையில் காசு வச்சிருக்கான், குடத்துக் கழுத்துல தட்டுறான் பாரு” என்று சொன்னார்கள். நான் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையாகவே அவருடைய இடது கை விரல்களுக்கு நடுவில் ஒரு காசு இருக்கிறது. படத்தைப் பார்த்த எனக்குத் தெரியாதது, பார்வை மங்கிய ஆச்சிக்குக் காதால் தெரிந்துவிட்டது.

கல்லிடை சித்தி, இரவு 8.55
அத்தையின் காது அப்படிப்பட்டது. படித்ததும் எழுந்து போய் நானும் ஹெட்போனில் கேட்டேன். இரண்டும் வேறு வேறு பாட்டுகள்.

தென்காசி அத்தை, இரவு 9.20
இன்று முழுவதும் பயணத்தில் இருந்ததால் இப்போதுதான் பார்த்தேன். நீங்கள் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். நாம் கொடையில் இந்தக் கதையைக் கேட்கும்போது பட்டனைப் பற்றித்தான் கேட்டோம். அவன் குலத்தை விட்டது, செருப்புத் தைத்தது, சண்டையில் இறந்தது. அந்த இரண்டு பெண்களும் கடைசியில் தீயில் இறங்குவதற்காக மட்டும் வருவார்கள். இந்தப் பாட்டில் அவர்கள் பேசுகிறார்கள். ஒருத்தி விளக்குத் திரியைத் தூண்டுகிறாள். மற்றவள் கணவன் தைத்துக் கொடுத்த செருப்பைக் காலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. ஒரு பெண் வில்லுப்பாட்டைப் பாடுவதால்தான் இந்த இடம் இப்படி வந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி அம்மாள் சிறுமியாக இருந்தபோதே வில்லடிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மேடை மேடையாகப் பாடினார். 2018-இல் மறையும்போது அவர் வறுமையில்தான் இருந்தார். அவரைப் போன்றவர்கள் உட்கார்ந்த இடத்தில் இந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: கடைசியில் செருப்புகள் தொங்கும் காட்சியைச் சொரிமுத்து அய்யனார் கோயிலிலேயே எடுத்தார்களா?

சென்னைத் தம்பி, இரவு 9.31
இல்லை அத்தை. அம்பாசமுத்திரத்திற்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் எடுத்ததாகக் காணொளிக்குக் கீழே குறித்திருக்கிறார்கள். கோயில் முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே படம் எடுப்பது எளிதல்ல.

தென்காசி அத்தை, இரவு 9.36
அதுவே நல்லது. ஆடி அமாவாசைக்குப் போகும்போது முத்துப்பட்டன் தெய்வமாக நிற்கும் பட்டவராயன் சன்னிதியில் காணிக்கையாகக் கட்டியிருக்கும் செருப்புகளைப் பார்த்திருக்கிறோம். போன ஆண்டு புதிதாகக் கட்டியது இந்த ஆண்டு தேய்ந்திருக்கும், அவர் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்று அப்பா நமக்குக் காட்டுவார். காணொளியின் கடைசிக் காட்சியில் அந்தச் செருப்பின் அடிப்புறம் தேய்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு சொல் கூடச் சொல்லாமல் அதைக் காட்டிவிட்டுப் பாட்டை முடித்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாமல் போகலாம், நமக்குப் புரிகிறது.

அம்பை மாமா, இரவு 9.58
அந்தச் செருப்பை நான் கவனிக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தேன். அந்த ஓர் இடத்திற்காக நான் முன்பு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

சனிக்கிழமை

பாளையங்கோட்டை மைனி, காலை 7.40
காணொளிக்குக் கீழே இருக்கும் குறிப்பை இன்று காலையில் முழுவதும் படித்தேன். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு, ட்ரோன் இயக்கியவர், ஒப்பனை, உணவு ஏற்பாடு என்று எல்லோருடைய பெயரும் இருக்கிறது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை வாசித்தவர்களுக்கு மட்டும் ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்ற ஒரே ஒரு பொதுப்பெயர்தான். எனக்கு இது மிகவும் வலிக்கிறது. நேற்று ஆச்சி காதால் கண்டுபிடித்த அந்தக் கைக்கு ஒரு பெயர் இருக்காதா?

பெரியப்பா, காலை 8.15
மிகச் சரியாகச் சொன்னாய், அம்மா. ட்ரோன் ஓட்டியவருக்குப் பெயர் உண்டு, குடம் அடித்தவருக்கு இல்லை என்றால் அது தவறுதான். அவள்மீது நமக்கு அன்பு இருந்தாலும் தவறு தவறுதான். ஆனால் நாம் அவளுடைய ரசிகர்கள். பலர் முன்னிலையில் அவளைக் குற்றம் சாட்டுவது போல எழுதக் கூடாது. கேட்க வேண்டியதை உரிமையோடு கேட்போம். திருத்துவதற்கு வழி இருக்கிறதா என்று தம்பி சொல்ல வேண்டும்.

சென்னைத் தம்பி, காலை 8.22
இருக்கிறது, பெரியப்பா. பதிவேற்றிய காணொளிக்குப் பதிலாக வேறொன்றை அதே இணைப்பில் வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் இதுவரை பார்த்தவர்களின் எண்ணிக்கையும் கருத்துகளும் போய்விடும். ஆனால் கீழே இருக்கும் குறிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இரண்டு நிமிட வேலைதான்.

பெரியப்பா, காலை 9.10
நான் இப்படி எழுதியிருக்கிறேன். அனைவரும் பார்த்துச் சொல்லுங்கள்: “மகளே, பொம்மக்காவையும் திம்மக்காவையும் பேச வைத்ததற்காக எங்கள் குடும்பம் உனக்கு நன்றி சொல்கிறது. எங்கள் வீட்டில் முதிர்ந்த வயதில் இருக்கும் ஒரு தாய், குடம் வாசித்தவரின் இடக்கைக் காசின் ஓசையைக் கேட்டு அடையாளம் கண்டார். அவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார் என்று அந்தத் தாய் அறிய விரும்புகிறார். வாசித்த ஐவரின் பெயர்களையும் ஊர்களையும் குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அம்பை மாமா, காலை 9.18
நன்றாக இருக்கிறது, அண்ணாச்சி. அவர்களில் யார் வலத்தில் பாடியவர், யார் இடத்தில் பாடியவர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

பாளையங்கோட்டை மைனி, காலை 10.02
எல்லோரும் உடனே குறிப்பைத் திறந்து பாருங்கள்! ஐந்து பேரின் பெயரும் ஊரும் சேர்ந்துவிட்டன. நேற்று நம் குடும்பத்தின் சார்பில் காணொளியில் இட்ட கருத்துக்குப் பாடகியே பதில் எழுதியிருக்கிறாள்: இது தன் பிழை என்றும், முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்றும், அந்த ஆச்சிக்குத் தன் வணக்கத்தைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். குடம் வாசித்தவர் நாங்குநேரிப் பக்கத்தைச் சேர்ந்தவர், தந்தையிடமே கற்றவர்.

நான், காலை 10.20
ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். அவருடைய பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். தகப்பனிடம் கற்றவர் என்றதும் தலையை அசைத்தார்கள். அந்தக் காசுப் பிடி பார்த்துப் பழகினால்தான் வரும், சொல்லிக் கொடுத்து வராது என்று சொன்னார்கள்.

அம்பை மாமா, காலை 11.05
நான் ஒரு முடிவோடு எழுதுகிறேன். ஆடி மாதம் நம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு இந்த ஆண்டு வில்லுக்கு இன்னும் யாருக்கும் அச்சாரம் கொடுக்கவில்லை. நாங்குநேரிக்காரர் எந்த வில்லுப்பாட்டுச் செட்டில் வாசிக்கிறார் என்று விசாரித்து அவர்களையே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி போக மீதம் தேவைப்பட்டால் அதை நான் போடுகிறேன்.

பெரியப்பா, காலை 11.12
அப்படியே செய்யுங்கள், மாப்பிள்ளை. காப்பிலிருந்து வாழி பாடுவது வரை ஒன்றையும் விடாமல் முழுக் கதையும் வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

நான், காலை 11.30
ஆச்சிக்குச் சொன்னேன். அன்றைக்கு நாற்காலியைப் பாடுகிறவருக்கு எதிரே போட வேண்டாம், குடத்தின் பக்கமாகப் போட வேண்டும் என்று மாமாவிடம் இப்போதே சொல்லி வைக்கச் சொல்கிறார்கள்.