காந்தக் கோடும் கடல் மக்களும்: அறிவியலின் திசையைத் தீர்மானிப்பது யார்?

நாகர்கோவில் இயற்பியல் ஆசிரியர்:
சமூகமும் நம்பிக்கையும் அறிவியலை நடத்திச் செல்கின்றன என்பதை நான் ஏற்கமாட்டேன். நம் மாவட்டத்துக்கு அருகே, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது, புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் புவிகாந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால்தான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியதற்கு இயற்பியலே காரணம்.

சின்னத்துறை மீனவர் மகள்:
இடத்தைக் காட்டியது காந்தக் கோடு, ஐயா. இடத்தைக் கொடுத்தது மனிதர்கள். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா கேட்டுக்கொள்ள, மீனவர்கள் தங்கள் மகதலேனா மரியாள் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். தொடக்ககால ராக்கெட் வேலைகள் அதற்குள்தான் நடந்தன.

அதே விண்வெளித் துறை 2016 ஏப்ரலில், இருப்பிடம் காட்டும் இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக் வரிசையின் ஏழாவது செயற்கைக்கோளை ஏவியது. மறு ஆண்டு ஒக்கி புயல் வந்தபோது எங்கள் படகுகளில் இருந்தது வயர்லெஸ்தான். ஆழ்கடலுக்குப் போனால் அது ஊமையாகிவிடும்.

நாகர்கோவில் இயற்பியல் ஆசிரியர்:
ஒக்கி ஒரே நாளுக்குள் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலானது. அவ்வளவு வேகமாக வலுப்பதைக் கணிப்பது கடினம். இதில் சமூகத்தின் குற்றம் எங்கே?

சின்னத்துறை மீனவர் மகள்:
குமரிக் கரையை ஒட்டி நின்றவர்களுக்கு நேரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நவம்பர் 30 அன்று இங்கே இருந்த புயல் லட்சத்தீவைக் கடந்தது டிசம்பர் 1, 2 தேதிகளில். தூத்தூர் வட்டாரப் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்குவது அந்தப் பக்கம்தான். அவர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவுமாவது இருந்தது, ஐயா! சொல்லத்தான் வழியில்லை. நாவிக் வழியே செய்தி பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்தத் தொடங்கியது பிணங்களைத் தேடி ஓய்ந்த பிறகு. செயற்கைக்கோள் முன்பே மேலே இருந்தது. கீழே எங்களை நினைத்துப் பார்க்க ஆளில்லை.

தேங்காப்பட்டணம் இளைஞன்:
அக்கா, நம்மிடமும் குறை உண்டு. என் பெரியப்பா லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பார். கேட்டால், "மாதா கைவிடமாட்டாள்" என்பார்.

சின்னத்துறை மீனவர் மகள்:
தம்பி, அதை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் தூண்டில் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறாயா? கை அசையாது. 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு செய்தவர்கள் மீனவர்களோடு கலந்து, திருத்தித் திருத்திச் செய்தார்கள். கட்டுமரக்காரர்கள் அதில் ஏறினார்கள். அவர்களுக்கு மட்டும் மாதாமேல் நம்பிக்கை இல்லையா?

நாகர்கோவில் இயற்பியல் ஆசிரியர்:
அலையின் சமன்பாடு ஊருக்கு ஊர் மாறாது. அதில் நான் அசையமாட்டேன். ஆனால் அந்த டிசம்பர் 1, 2 கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, சகோதரி. இத்தனை நாளும் புயலின் வேகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.